இடையன்குடியும் கால்டுவெல் ஐயரும்

ஊரால் பெயர் பெற்ற புலவர் உளர். புலவரால் பெயர் பெற்ற ஊரும் உண்டு. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், பிசிராந்தையார் என்னும் சான்றோர் பெயர்கள் முன்னைய முறைக்குச் சான்றாவன. சிற்றூர் ஒன்று ஆராய்ச்சி உலகில் இடம் பெறுதற்கு வேறொரு வழியும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் வயல்களிடையே அமைந்த சின்னமனூரை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். அவ்வூரின் பெயரால் வழங்கும் பாண்டியர் செப்பேடுகளே அதற்குக் காரணம். ஊர் ஒன்று தான் காத்து வைத்த ஏட்டினால் புகழ் பெற்றமை அது. தான் ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரால் புகழ் பெற்ற ஊர் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ளது. அதுவே திசையன்விளைக்கு அருகிலுள்ள இடையன்குடி. அம்மனிதர் இராபர்ட்டு கால்டுவெல் ஐயர்.

கால்டுவெல் ஐயரின் வாழ்க்கையைச் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை முதலானோர் நன்கு எழுதியுள்ளனர். எனினும், அவ்வரலாறுகளில் இடையன்குடி பெரும்பாலும் ஐயர் வாழ்ந்த இடம் என்ற அளவிலேயே நிற்கின்றது. அவ்வூர் ஐயருக்குத் தங்குமிடமாக மட்டும் இருந்ததா? அவர்தம் ஆராய்ச்சியின் இயல்பையே வகுத்த பள்ளியாகவும் இருந்ததா? ஊர் அவருக்குக் கொடுத்தது யாது? அவர் ஊருக்குக் கொடுத்தது யாது? கொடுக்கல் வாங்கலில் எஞ்சிய கடன் உண்டா? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளாண்டயரும் இடையன்குடியும்

ஒப்புநோக்கின் பொருட்டு முதற்கண் மற்றொரு சிற்றூரைக் காண்போம். ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகருக்கு அண்மையில் பிளாண்டயர் என்னும் ஊர் உளது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் உட்பகுதியை ஆராய்ந்தறிந்த தாவீது லிவிங்ஸ்டன் அங்கே 1813-ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையில் பஞ்சாலைத் தொழிலாளியாய் உழைத்துக் கல்வி கற்றார். அடுத்த ஆண்டு, 1814 மே 7-ஆம் நாள், அயர்லாந்தில் ஸ்காத்தியப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தவர் கால்டுவெல். அவர் வளர்ந்ததும் பல்கலைக்கழகக் கல்வி பெற்றதும் கிளாஸ்கோவிலேயாம். இருவரும் சமயப் பணி மேற்கொண்டு சேர்ந்த சங்கமும் ஒன்றே. அஃது இலண்டன் மிஷனரிச் சங்கம். ஒருவர் ஆப்பிரிக்காவுக்கும் மற்றவர் தமிழகத்துக்கும் சென்றனர்.

லிவிங்ஸ்டனுக்கும் பிளாண்டயருக்கும் உள்ள உறவு பிறப்பால் அமைந்தது. அவர் 1873-இல் மறைந்தபொழுது, அவருடைய நெஞ்சகம் ஆப்பிரிக்க மண்ணில், இன்றைய சாம்பியா நாட்டில், ஒரு மரத்தடியிற் புதைக்கப்பெற்றது. உடலோ உடனிருந்த ஆப்பிரிக்கத் தோழரால் கடற்கரை வரை சுமந்து கொணரப்பெற்று, 1874-இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்க் கோயிலில் அடக்கமாயிற்று. கால்டுவெல் ஐயர் 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் உயிர் நீத்தார். அவருடைய உடல் தாய்நாட்டிற்குச் செல்லவில்லை; மலையினின்றும் இறக்கி, தெற்கே நெடுந்தொலைவு கொண்டு சென்று, இடையன்குடிக் கோயிலினுள் அடக்கம் செய்தனர். பிறந்த ஊரினும் வாழ்ந்த ஊரே அவர்க்கு ஊராயிற்று.

கால்நடைச் செலவு

ஐயர் சென்னைக்கு வந்து சேர்ந்தது 1838 சனவரித் திங்களில் ஆகும். அவர் வந்த கப்பலிலேயே தெலுங்குப் பேரறிஞர் சி. பி. பிரௌனும் பயணம் செய்தார் என்பது பின்வந்த ஒப்பிலக்கண முயற்சிக்கு ஒரு நன்னிமித்தம் போலும். சென்னையில் மூன்றாண்டுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றபின், 1841-இல் அவர் நற்செய்திக் கழகம் என வழங்கும் எஸ். பி. ஜி. சங்கத்தைச் சார்ந்து, திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். நாட்டையும் மக்களையும் நேரில் அறிய வேண்டும் என்னும் விழைவினால் கால்நடையாகவே சென்றார். சோழநாட்டின் ஊர்களையும் காவிரிக் கரையையும் கண்டு, நீலகிரி ஏறி, அங்கே குருப்பட்டம் பெற்று, கொங்கு நாட்டையும் பாண்டி நாட்டையும் கடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

இச்செலவு ஓர் ஆராய்ச்சியாளர்க்கு எத்துணைப் பயன் விளைத்திருக்கும் என்பது எண்ணற்பாலது. தமிழ் ஒன்றாயினும் அதன் வழக்கு வட்டாரந்தோறும் வேறுபடுதலை, நடந்து செல்பவர் நாள்தோறும் செவியால் உணர்வர். அவர் ஏறிச் சென்ற நீலமலையில் வாழும் தொதவர், கோத்தர் ஆகியோர் மொழிகள் பிற்காலத்தில் அவர்தம் ஒப்பிலக்கணத்தில் இடம் பெற்றன என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஊரும் மக்களும்

இடையன்குடி செந்நிற மணற்றேரிகளை அடுத்த வறண்ட நிலத்தது. பனையே அந்நிலத்தின் செல்வம். பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்சும் மக்களே ஆங்கு மிகுதியாக வாழ்ந்தனர். அவர்களிடையே ஐயர் தெருக்களை நேர்பட வகுத்தார்; கிணறு தோண்டுவித்தார்; மரம் நட்டார்; பள்ளிகள் நிறுவினார். 1844-ஆம் ஆண்டில் நாகர்கோயிலில் பணியாற்றிய மால்டு ஐயரின் மகளார் எலைசாவை மணந்தார். நாகர்கோயிலில் வளர்ந்த அவ்வம்மையார்க்குத் தமிழ்ப் பேச்சு இளமை முதற் பழகியது. அவர் பெண்கள் பள்ளியை நடத்தியதோடு, பின்னற்சரிகைத் தொழிலையும் இவ்வூர் மகளிர்க்குக் கற்பித்தார். எழுத்தறிவும் கைத்தொழில் வருவாயும் ஒருங்கே எய்தியமை, அந்நாளைய ஏழை மகளிர் வாழ்வில் பெருமாற்றமேயாகும்.

1847-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற இடையன்குடித் திரித்துவக் கோயில் 1880-இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. கட்டுமானம் 33 ஆண்டுகள் நடந்தது. ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பும் (1856) இரண்டாம் பதிப்பும் (1875) அதே காலத்தில் உருவாயின. ஒரே கையால் இரு கட்டடங்கள் ஒருங்கே எழுந்தன என்று கூறலாம்.

ஊர் வழக்கும் ஒப்பிலக்கணமும்

தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்றும் தோன்றியவை அல்ல, தமக்குள் ஓரினமானவை என்னும் கருத்தை 1816-ஆம் ஆண்டிலேயே எல்லிசு துரைமகனார் வெளியிட்டார். கால்டுவெல் ஐயரின் தனிச்சிறப்பு யாதெனின், அவ்வுறவை ஒலி, வேர்ச்சொல், பெயர், எண், மூவிடப்பெயர், வினை என்னும் உறுப்புத்தோறும் நிறுவி, அம்மொழிகளுக்குத் திராவிடம் என்னும் பொதுப்பெயரை நிலைபெறச் செய்தமையாகும். முதற்பதிப்பில் ஒன்பது மொழிகளையும், இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளையும் அவர் எடுத்துக்கொண்டார்.

முதற்பதிப்பு இலண்டனில் வெளிவந்தது. ஐயர் விடுமுறையில் தாய்நாட்டில் இருந்த காலம் அது. ஆயின், அந்நூலுக்கு வேண்டிய பொருள் பெரிதும் திரண்டது, அதற்கு முன் இடையன்குடியில் அவர் கழித்த ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளிலேயாம். நூலுள்ளும் இதற்கு அகச்சான்று காணலாம். இரண்டு சான்றுகளை ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது, வல்லெழுத்துக்களின் ஒலிமாற்றம். தமிழில் ககரம் எழுத்தால் ஒன்றே. 'கடல்' என மொழி முதலில் வருங்காலும் 'பக்கம்' என இரட்டித்து வருங்காலும் அது வல்லோசை உடையது. 'தங்கம்' என மெல்லெழுத்தின் பின்னும், 'அகல்' என உயிரிடையிலும் அதன் ஓசை நெகிழும். பிற வல்லெழுத்துக்களுக்கும் இஃது ஒக்கும். இம்மாற்றம் இடத்தால் வரையறுக்கப்பெற்ற ஒழுங்குடையது என்பதை ஐயர் ஒரு விதியாகவே வகுத்தார். வரிவடிவில் வேறுபாடு இன்மையின், ஏட்டை மட்டும் நோக்குவார் இதனைக் காணார். பேசுவாரைக் கேட்பாரே காண்பர்.

இரண்டாவது, ஈற்றில் ஒலித்துணையாக வரும் உகரம். செந்தமிழில் கண், பல், சொல் என மெய்யீறாய் நிற்கும் சொற்கள் பேச்சு வழக்கில் கண்ணு, பல்லு, சொல்லு என உகரம் பெறும். கன்னடத்தில் கண்ணு என்றும் தெலுங்கில் கன்னு என்றும் வழங்குதலை இதனோடு ஒப்பிட்டால், கற்றார் இழுக்கென ஒதுக்கும் பேச்சுவடிவமே இன மொழிகளை இணைக்கும் பாலமாக நிற்றல் புலனாம். ஈற்று உகரத்தின் இவ்வியல்பை ஐயர் விரித்துரைக்கின்றார். செந்தமிழும் பேச்சுத் தமிழும் தம்முள் மிக வேறுபட்டவை என்பதை வற்புறுத்திய அவர், இரண்டையும் ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொண்டார். இலக்கண நூல்களையே அளவையாகக் கொண்ட அந்நாளில் இது புதுநெறி. புலவர் அவையில் மட்டும் தமிழ் பயின்ற ஒருவர்க்கு அந்நெறி எளிதில் வாய்த்திராது. தேரிக்காட்டின் பனைநிழலில், எழுத்தறியாத மக்களோடு நாள்தோறும் உரையாட வேண்டிய ஒருவர்க்கு அஃது இயல்பாய் அமைந்தது.

எல்லாவற்றையும் அவர் இடையன்குடியிலேயே கற்றார் என்பது மிகையாகும். சென்னையிற் பெற்ற பயிற்சியும், கிளாஸ்கோவிற் பயின்ற கிரேக்க மொழிக் கல்வியும் அடிப்படை அமைத்தன. எனினும், கல்விக்கு உரைகல்லாக நின்றது ஊர் வழக்கே. அம்மக்களின் பெயர்கள் மொழிநூல் வரலாற்றில் இடம் பெறவில்லை. அவர்கள் நாவில் இருந்த ஒலிகள் இடம் பெற்றுள்ளன.

கொற்கையும் காயலும்

இடையன்குடியை இருப்பிடமாகக் கொண்ட ஐயர், பொருநையாற்றின் கழிமுகத்தையும் ஆராயத் தொடங்கினார். கிரேக்கப் பயண நூல்களிலும் தாலமியின் நிலநூலிலும் முத்துக்குளிப்புக்குப் பெயர் பெற்றதாகக் கூறப்படும் கொல்கை என்னும் துறைமுகம் நம் கொற்கையே என அவர் நிறுவினார். கொற்கையில் நிலத்தை அகழ்ந்து முதுமக்கள் தாழிகளைக் கண்டார். மார்க்கோ போலோ குறிப்பிடும் காயில் என்னும் பெருந்துறை, ஆற்று முகத்தை அடுத்த பழைய காயலே எனத் தெளிந்தார். அங்கே நிலமெங்கும் ஓட்டுச் சில்லுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடந்தமை, அந்நாளைய கடல் வாணிகத்திற்குக் கண்கூடான சான்றாயிற்று. இவ்வாராய்ச்சி 1877-இல் வெளியாயிற்று. மார்க்கோ போலோவின் நூலுக்கு உரைவிளக்கம் எழுதிய யூல் என்பாரும் ஐயரின் முடிவுகளைப் பயன்படுத்தினார்.

1968, 1969-ஆம் ஆண்டுகளில் தமிழக அரசின் தொல்பொருள் துறை கொற்கையில் முறையான அகழாய்வு நடத்திற்று. இன்றைய அகழாய்வு முறைகளை நோக்க ஐயரின் முயற்சி மிகச் சிறியதே. ஆயினும், நூற்சான்று ஒன்றைக் கையிற்கொண்டு, அதற்குரிய நிலத்தை நேரிற் சென்று தோண்டிப் பார்த்தல் என்னும் நெறியைத் தமிழகத்தில் முன்னின்று காட்டியவருள் அவர் ஒருவர். 1881-இல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரமும் இந்நெறியின் பயனேயாம்.

1849-ஆம் ஆண்டு நூல்

இதுகாறும் கூறியவை ஊருக்கும் ஐயருக்கும் பெருமை தருவன. இனிக் கூறுவது இருசாரார்க்கும் உவப்பானது அன்று. எனினும் கூறாது விடுதல் ஆராய்ச்சி நேர்மை ஆகாது.

இடையன்குடிக்கு வந்த எட்டாம் ஆண்டில், 1849-இல், ஐயர் அப்பகுதியின் பனையேறும் மக்களைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது மறு ஆண்டு இலண்டனிலும் அச்சாயிற்று. அம்மக்கள் ஈழத்தினின்றும் வந்து குடியேறியவர் என்றும், அவர்தம் வழிபாடு பேய் வழிபாடே என்றும் அதிற் கூறினார். அவர்தம் அறிவாற்றலையும் ஒழுக்கத்தையும் தாழ்வாக மதிப்பிட்ட பகுதிகளும் அதில் உள. நாட்டார் வழிபாட்டைப் பற்றிய நேரடிக் குறிப்புக்களால் அந்நூல் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றது. ஆயின், தன்னை நம்பிக் கதவு திறந்த மக்களைப் பிறர் முன்னே குறைவுபடக் காட்டிய நூலும் அதுவே.

அம்மக்கள் வாளா இருக்கவில்லை. ஐரோப்பியத் தலைமையை வெறுத்த சட்டம்பிள்ளை என்பார் 1857-இல் இந்து கிறிஸ்தவ சபை எனத் தனிச்சபை கண்டார். கல்வியில் முன்னேறிய அச்சமூகத்தார் பின்னர் அந்நூலை மறுத்து எழுதினர், முறையிட்டனர். தம்மை நாடார் எனப் பதிய வேண்டும் என்று அவர்கள் விடுத்த வேண்டுகோள் 1921-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நிறைவேறியது. ஐயர் நிறுவிய பள்ளிகளால் எழுத்தறிவு பெற்றவர், அவ்வெழுத்தாலேயே அவரை மறுத்தனர் என்பது வியப்பன்று. அது கல்வியின் இயல்பு.

இந்நூலையும் 1875-ஆம் ஆண்டின் ஒப்பிலக்கணத்தையும் அருகருகே வைத்துக் கற்றல் வேண்டும். இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பில், பறையர் திராவிட இனத்தவரா என்னும் வினாவை எழுப்பி, அவர்களும் திராவிடரே எனக் கொள்ளும் முடிவுக்கு ஐயர் வருகின்றார். சமூகம் விலக்கி வைத்தவரை மொழியினத்தின் எல்லைக்குள் நிறுத்தும் முடிவு அது. ஆனால், 1913-இல் வையாட்டும் இராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் இப்பகுதி நீக்கப்பெற்றது. பின்வந்த மறுபதிப்புக்கள் அதனையே பின்பற்றியமையின், பல்லாண்டுகளாகத் தமிழ் மாணவர் கைக்குக் கிடைத்தது குறைப்பட்ட நூலேயாகும். 2008-ஆம் ஆண்டிலேயே கவிதாசரண் பதிப்பகம் இரண்டாம் பதிப்பை முழுமையாக மீண்டும் அச்சிட்டது. எனவே, எப்பதிப்பைக் கொண்டு ஆராய்கின்றோம் என்பதைத் தெளிவாகக் குறித்தல் கால்டுவெல் ஆய்வாளர்க்கு இன்றியமையாத கடமையாகும்.

1875-இன் நூல் 1849-இன் தவற்றைத் துடைத்துவிட்டது எனல் பொருந்தாது. பேசப்பட்ட மக்கள் வேறு, பொருளும் வேறு. ஆயினும், மக்களைப் பற்றிய முன்முடிவு குறையக் குறைய அவர்தம் ஆராய்ச்சி உயர்ந்தது என்னும் அளவு கூறலாம். மக்களின் ஒழுக்கத்தை அளக்கப் புகுந்த இடத்தில் அவர் வழுவினார். மக்களின் மொழியைக் கேட்கப் புகுந்த இடத்தில் வென்றார்.

ஏடும் நடுகல்லும்

இலக்கிய வரலாற்றிலும் ஐயர் முடிவுகள் திருத்தம் பெற்றன. தமிழ் இலக்கியத்தை அவர் ஏழு காலப்பகுதிகளாக வகுத்தார். அவற்றுள் முதலாவதாகிய சைனர் காலத்தை எட்டாம் நூற்றாண்டளவில் தொடங்குவதாகக் கொண்டு, திருக்குறளை அதில் அடக்கினார். சம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனை மார்க்கோ போலோ கூறும் சுந்தரபாண்டியனாகக் கொண்டமையின், சம்பந்தரை 13-ஆம் நூற்றாண்டிற்குத் தாழ்த்தினார். சம்பந்தர் காலம் பற்றிய இம்முடிவை மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தக்க சான்றுகளால் மறுத்தார்.

இப்பிழைகளுக்குக் காரணம் சான்றுகளின் இன்மையே. கலித்தொகை 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. ஒப்பிலக்கணத்தின் இரு பதிப்புக்களும் இவற்றிற்கு முற்பட்டவை. சின்னமனூர்ச் செப்பேடுகளோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டன. பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, மதுரையிற் சங்கம் நிறுவியதையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் தம் தொன்முன்னோர் செயல்களாகப் போற்றுகின்றது. அஃதாவது, சங்கம் பற்றிய மரபு அந்நாளிலேயே பழமையுடையதாக எண்ணப்பெற்றது. வேள்விக்குடிச் செப்பேட்டோடு இதனை இணைத்து நோக்கவே, கடுங்கோன் வழிவந்த பாண்டியர் வரிசை தெளிவாயிற்று. சம்பந்தர் காலத்து நெடுமாறன் ஏழாம் நூற்றாண்டினன் என்பதும் உறுதியாயிற்று.

தேனி மாவட்டம் மற்றுமொரு சான்றும் தந்துள்ளது. ஆண்டிபட்டியைச் சார்ந்த புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று, தொல்காப்பியம் வெட்சித்திணையில் கூறும் ஆகோள் என்னும் சொல்லையே தாங்கி நிற்கின்றது. எட்டாம் நூற்றாண்டிற்கு முன்னே தமிழ் இலக்கியச் சான்று காணாத ஐயர் அக்கல்லைக் கண்டிருப்பின், தம் ஏழு காலப்பகுப்பைத் தாமே மாற்றி எழுதியிருப்பார். கொற்கை மண்ணைத் தோண்டிய கை அது; கல்லின் சான்றை மறுத்திராது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இடையன்குடி கால்டுவெல் ஐயர்க்கு வாழிடமாக மட்டுமின்றிப் பள்ளியாகவும் ஆய்வுக்களமாகவும் விளங்கிற்று. அவர் அவ்வூர்க்குத் தெருவும் கிணறும் பள்ளியும் கோயிலும் தந்தார். தந்த அவரே அம்மக்கள் மனம் நோகவும் எழுதினார். அவர் விட்டுச்சென்ற குறைகளை நிரப்பும் சான்றுகள், அவர் கால் படாத பிற சிற்றூர்களின் கோயிலிலும் காட்டிலும் காத்துக் கிடந்தன.

சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது ஐயர்க்குச் சிலை எழுந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் 2011-இல் அரசின் நினைவில்லமாயிற்று. நன்றியறிதலுக்கு இவை தக்க அடையாளங்கள். ஆயின், ஆராய்ச்சி மாணவர் செலுத்த வேண்டிய நன்றி வேறு வகையது. ஒப்பிலக்கணத்தை முழுப் பதிப்பிற் கற்றல் ஒன்று. 1849-ஆம் ஆண்டு நூலை மறைக்காது கற்றல் மற்றொன்று. தத்தம் ஊரின் வழக்குச் சொல்லையும் கல்லையும் ஏட்டையும் ஐயரைப்போல் நடந்து சென்று தொகுத்தல் வேறொன்று. அங்ஙனம் தொகுக்குங்கால், சொல்லைத் தந்தவர் இன்னார் என அவர் இசைவுடன் பெயரையும் குறித்து வைத்தல் வேண்டும். இடையன்குடி மக்களுக்குத் தமிழுலகம் பட்ட கடன், அவ்வகையாலேனும் சிறிது அடையும்.